சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே

அன்று காலையும் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேலேயே நின்றது. பூட்டுக்காரி சைக்கிளைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, பாலத்தூணில் அறைந்திருந்த அளவுப் பலகையை இரண்டு தடவை பார்த்தாள். வெயில் அப்போதே முதுகில் அடித்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. இப்படிக் காய்கிற காலத்தில் ஓர் ஆறு இறங்காமல் நிற்கிறதென்றால் அதற்கு நல்ல மனசு என்றுதான் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடி, கைப்பேசியில் அளவைத் தட்டி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு ஆற்றைப் பார்த்து லேசாகச் சிரித்தும் வைத்தாள்.

அவள் ஆற்று அலுவலகத்தின் ஒப்பந்த ஊழியர். தண்ணீர் கோட்டுக்கு மேலே இருக்கும்வரை கரையோரத்து மோட்டார்கள் ஓடலாம். கீழே இறங்கிவிட்டால் அன்றே கொட்டகை கொட்டகையாகப் போய், சுவிட்சுப் பெட்டியைக் கம்பியால் சுற்றி, ஈய முத்திரை வைத்து, பூட்டுப் போட வேண்டும். பிறகு மழை வரும்வரை திறக்கக் கூடாது. அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்தக் கோடு மீன்களுக்காகப் போட்டது. மனுஷனுக்கு இல்லாத கோடு மீனுக்கு எதற்கு என்று கரையில் ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள், அவளும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். பாலத்துக்குக் கீழே கொஞ்ச தூரம் வெறும் சரளைக்கல். அதைத் தாண்டினால் பெரிய மடு. எந்தக் கோடையிலும் அந்த மடு வற்றியதில்லை. மேல் ஆற்றில் தண்ணீர் சூடேறி மூச்சு முட்டும்போது கெண்டையும் கெளுத்தியும் சரளையைத் தாண்டி மடுவுக்குள் இறங்கிவிடும், மழை பெய்ததும் திரும்ப ஏறும். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் சரளை வெளியே தெரிந்துவிடும், வழி அடைபடும், மேலே மாட்டியது மேலேயே சாகும். சங்கதி இவ்வளவுதான். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கோடையில் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்டார்கள்.

இந்தக் கோடையில் மட்டும் யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஆறுகளில் எல்லாம் பூட்டு விழுந்துவிட்டது என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அவளுடைய ஆறு மட்டும் ஒரு விரல் மேலே, ஒரு விரல் மேலே என்று அசையாமல் நின்றது. போன கோடையில் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது வழியில் நிறுத்தி நலம் விசாரித்தார்கள். தேநீர்க் கடையில் முக்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ஆற்றின் அடியில் எங்கோ ஊற்றுத் திறந்திருக்கும் என்று அவளே நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேரும் அப்படித்தான் இருக்கும் என்று ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்ட வேகத்திலேயே அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. திட்டு வாங்காமல் ஒரு கோடையைக் கழிக்க அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சைக்கிளை எடுக்கத் திரும்பியபோதுதான் கொக்குகள் கண்ணில் பட்டன. சாலைக்கு அந்தப் பக்கம், பாலத்தின் மறுபக்கச் சுவருக்கு மேலாக, ஒன்று எழுந்து வட்டமடித்து இறங்கியது, பின்னாலேயே இன்னும் இரண்டு. பலகை இந்தப் பக்கத் தூணில் இருந்தது. அவள் தினமும் இந்தப் பக்கம் வந்தாள், இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள், இந்தப் பக்கமாகவே திரும்பிப் போனாள். சாலையின் அகலம் ஒரு லாரி போகிற அளவுதான். அதைக் கடந்து மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றியதில்லை. இன்று கடந்து போய்ப் பார்த்தாள்.

கரையிலிருந்து கரைவரை கல் அடுக்கியிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குப் பொறுமையாக, இடைவெளிகளில் சின்னக் கல் செருகி, களிமண் பூசிய வேலை. நடுவில் ஒரு பெரிய பாறாங்கல்லை உருட்டிவந்து உட்கார்த்தியிருந்தார்கள். அதற்கு மேல்புறம் ஆறு குளம்போலத் தேங்கி, தூணில் இருந்த பலகையில் ஒரு விரல் மேலே நின்றது. கீழ்ப்புறம் ஆறே இல்லை. சரளை வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அங்கங்கே குட்டை. குட்டைக்குள் முதுகு வெளியே தெரிய மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று புரண்டன. கொக்குகளுக்கு எட்டி நடக்கிற வேலைகூட இல்லை. கல்வரிசைக்கு மேல்புறத்தில் இன்னும் மோசம். மடுவுக்குப் போக வந்த கெண்டைகள் கூட்டமாகக் கல்லில் முட்டி நின்று, வாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி, திறந்து மூடித் திறந்து மூடிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

அவள் சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கினாள். கல்லுக்கு நடுவே கறுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்துப் பார்த்தாள். பாத்திமேல் விரித்துச் செடி வைக்கிற மல்ச்சிங் ஷீட். அதில் வரிசையாக வட்ட ஓட்டைகள், ஓரம் உருகிச் சுருண்ட ஓட்டைகள். தண்ணீர் ஒழுகாமல் இருக்க இரண்டாக மடித்து, ஓட்டைமேல் ஓட்டை வராமல் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த ஓட்டைகளைப் போட்டது அவளேதான். போன வருஷம் நாத்தனார் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தகர டப்பாவை அடுப்பில் காயவைத்துக் காயவைத்து, ஷீட்டில் அழுத்தி எடுத்தாள். பிளாஸ்டிக் புகை தாங்காமல் இருமியபோது நாத்தனார்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். இந்த ஆற்றுக்கு ஊற்றுத் திறந்திருக்கிறது என்று கடைக்குக் கடை சொல்லிக்கொண்டு திரிந்தாளே, கேட்டவர்களில் எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள்? கோபம் அதற்குப் பின்னால் வந்தது, சேர்த்துவைத்துக்கொண்டு வந்தது.

மேலதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் கெட்டவர் இல்லை. எதையும் தள்ளிப்போட்டால் அதுவாகவே சரியாகிவிடும் என்று நம்புகிறவர், அவ்வளவுதான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பலகையில் என்ன அளவு இருக்கிறது என்றார். கோட்டுக்கு மேலே என்றாள்.

"அப்ப என்னம்மா பிரச்சனை? பலகை என்ன காட்டுதோ அதுதான் நமக்கு. கல்ல எடுக்கணும்னா ஆய்வு வரணும், ஆர்டர் வரணும். நீங்களா எதுலயும் கைய வெக்காதீங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் பாக்கறதுக்கு மீன் இருக்காது சார்."

அதற்கு அவர், ஒப்பந்த ஆள் கொஞ்சம் யோசித்து நடந்துகொள்வது நல்லது என்று, அக்கறையாகச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவளுக்குப் புரியாமல் இல்லை. இதே தேக்கத்தில்தான் தண்ணீர் பாட்டில் கம்பெனியின் குழாயும் வாய் வைத்திருந்தது. கரையிலிருந்த அத்தனை மோட்டாரையும் சேர்த்தாலும் அந்தக் குழாயின் பருமன் வராது. கோட்டுக்கு மேலே தண்ணீர் நிற்கும்வரை அலுவலகத்தில் யாரும் அந்தக் கம்பெனியின் கேட்டைத் தட்ட வேண்டிய சங்கடம் இல்லை.

நேரே கல்லைப் பிரிக்க ஆரம்பித்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு வெள்ளரித் தோட்டத்துக்குப் போனாள்.

நாத்தனார் கொடிவரிசைக்கு நடுவே குனிந்து, பிஞ்சுகளைத் தரையில் படாமல் இலைமேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கணவனுக்கு அக்கா. குடும்பத்துக்கே அவர் குரல்தான். நாலு தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் கேட்கிற குரல் அது. தம்பிக்கு இந்தப் பெண்தான் என்று பிடித்த பிடியில் நின்று கட்டிவைத்ததும் அவர்தான். ஆற்று வேலைக்கு மனுப் போடச் சொன்னதும் அவர்தான், பெண்பிள்ளை தனியாக ஆற்றங்கரையில் அலைவதா என்று இழுத்தவர்களை நடுத்தெருவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியதும் அவர்தான். அவர் நிமிர்ந்து, அவளுடைய ஈரக் காலையும் சேறான கையையும் பார்த்தார்.

"பாத்துட்டியா?" என்றார். "இத்தன நாள் பாக்காம இருந்ததே அதிசயம்."

"ஓட்ட போட்ட ஷீட்ட போட்டிருக்கீங்க அண்ணி. புதுசு கெடைக்கலையா?"

"புதுசு எதுக்கு வீணாக்கணும்?"

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை, ஏதோ வேலிக்கு முட்டுக் கொடுத்த கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறார். அவள் மீன்கள் கல்லில் முட்டி நிற்பதைச் சொன்னாள், குட்டைகளைச் சொன்னாள், கொக்குகளைச் சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டே அடுத்த பிஞ்சை எடுத்து இலைமேல் வைத்தார். காய் பிடிக்கிற நேரம், இப்போது தண்ணீர் நின்றால் கொடி மொத்தமும் சுருண்டுவிடும், இந்த வீட்டில் அத்தனை பேரும் சாப்பிடுவது இந்தக் கொடியிலிருந்துதான், பூட்டுக்காரியும் சேர்த்து. இதை அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போடாமல் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

"மீன் என்ன உன் கூடப் பொறந்ததா?" என்றார் கடைசியில்.

"கூடப் பொறக்கல. என் பொறுப்புல விட்டிருக்கறது."

"அப்ப போய் அந்தப் பாட்டில் கம்பெனிய பூட்டு. அங்க வாயத் தெறக்க மாட்ட. நம்ம வீட்டு மோட்டார்னா உடனே கம்பிய தூக்கிட்டு வந்துருவ."

"கோட்டுக்கு மேல தண்ணி நின்னா யாரையும் பூட்ட முடியாது அண்ணி. கீழ போனாதான் பூட்டலாம், அவனையும் சேத்து. நீங்க கஷ்டப்பட்டு அடுக்கின கல்லு யாருக்குக் காவல் நிக்குதுன்னு யோசிச்சீங்களா? நீங்க பக்கெட் கணக்குல எடுக்கறீங்க, அவன் ஆத்தையே உறிஞ்சறான். உங்க கல்லுக்கு அவன்தான் நன்றி சொல்லணும்."

நாத்தனாரின் கை ஒரு கணம் நின்றது. அதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது தெரிந்தது. ஆனால் யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிற ரகம் இல்லை அவர். முதுகை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"கல்லுல கைய வெச்சுப் பாரு."

"வெக்கத்தான் போறேன். சொல்லாம வெச்சான்னு நாளைக்கு நீங்க பேசக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

வரிசையின் கடைசியில் கணவன் ஒரு குழாய்ச் சுருளைப் பிரிக்காமலும் சுற்றாமலும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். அவனுடைய விரல்முட்டிகளில் தோல் உரிந்து காய்ந்திருந்தது. வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்று அவன் சொன்னதை நம்பி, அவள்தான் கையைப் பிடித்துக் கழுவி மருந்து போட்டுவிட்டாள். போடப் போட அவன் எரிகிறது என்று முகத்தைச் சுளித்தது நினைவுக்கு வந்தது. நாத்தனார் ஏமாற்றியதைவிட இதுதான் அவளுக்கு நெஞ்சை எரித்தது. அவன் அருகே போய் நின்றாள். "வேலிக் கம்பின்னு சொன்னீங்க," என்றாள். அக்கா சொல்லும்போது, என்று அவன் தொடங்கிவிட்டுக் குழாயைப் பார்த்தான். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

ஆற்றுக்குத் திரும்பி, கைப்பேசியைச் சைக்கிள் பைக்குள் போட்டாள். அதற்குள் மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். அவள் திரும்பக் கூப்பிடவில்லை. உடுப்பை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தண்ணீர் குளிக்கச் சூடாக்கி வைத்ததுபோல வெதுவெதுவென்று இருந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். களிமண்ணை நகத்தால் கிண்டி, சின்னக் கல்லை உருவி, பெரிய கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் கரையில் எறிந்தாள். ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாக அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்க ஆத்திரம் கூடியது. இந்த ஒற்றுமையில் கால்வாசியை மோட்டாரை முறைவைத்து ஓட்டுவதில் காட்டியிருந்தால், தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் கோட்டுக்கு இறங்கியிருக்காது. இதையும் அவள் போன கோடையில் வாய் வலிக்கச் சொன்னவள்தான்.

கொஞ்ச நேரத்தில் கரையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தோட்டக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், முக்காலியைத் துடைத்துப் போட்ட தேநீர்க் கடைக்காரர். யாரும் உதவவில்லை. யாரும் இறங்கித் தடுக்கவும் இல்லை. அவள் அலுவலகத்து ஆள் என்பதைவிட அந்த வீட்டுப் பெண் என்பதுதான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. அந்த வீட்டு விவகாரத்தை அந்த வீட்டுக்காரிதான் வந்து தீர்க்க வேண்டும் என்று எல்லோரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் வந்தார். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் நடந்து வந்து, நடுவிலிருந்த பாறாங்கல்லின் மேல் ஏறி, கீழ்ப்புறமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தக் கல்ல எடுக்கணும்னா என்னையும் சேத்து எடு," என்றார்.

கரையில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். பூட்டுக்காரி முகத்தில் வழிந்த வியர்வையைத் தோளால் துடைத்தாள். நாத்தனாரைத் தூக்குகிற தெம்பு அவளுக்கு இல்லை. அந்தக் கல்லைத் தூக்குகிற தெம்பு இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை, அத்தனை பேர் சேர்ந்து உருட்டிவந்தது.

"நீங்க உக்காருங்க அண்ணி," என்றாள். "மத்த கல்ல நான் எடுத்துக்கறேன்."

அப்படியே எடுத்தாள். நாத்தனாரின் இடப்பக்கத்துக் கற்களை எடுத்தாள், வலப்பக்கத்துக் கற்களை எடுத்தாள். கறுப்பு ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்து, பின்னால் சாய்ந்து இழுத்தபோது அது சளக்கென்று விடுபட்டு வந்தது. தண்ணீர் முதலில் சந்தேகத்தோடு எட்டிப் பார்ப்பதுபோல ஒழுகியது. அப்புறம் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு, தானே இரண்டு கல்லைப் புரட்டிவிட்டு, சத்தத்தோடு சரளையில் இறங்கியது. குட்டைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன. கொக்குகள் எழுந்து பறந்தன.

பாலத்தின் மேல் அவளுடைய கணவன் வந்து நின்றிருந்தான். மறுபக்கச் சுவருக்கும் வராமல், பலகை இருக்கிற பக்கமும் போகாமல், சரியாக நடுச்சாலையில் நின்றான். லாரி ஒன்று ஹாரன் அடித்து அவனை ஓரங்கட்டியது. அவள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். தேக்கம் வடிகிறவரைதான் சரளையில் மீன் போகிற ஆழம் இருக்கும். அதற்குள் மோட்டார்கள் நிற்க வேண்டும், நிறுத்தப் பலகை சொல்ல வேண்டும்.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "பலகைய பாத்துச் சொல்லுங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை, மடு இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் உரிந்த கையால் கழுத்தைத் தடவிக்கொண்டான். பிறகு சாலையைக் கடந்து பலகை இருக்கிற பக்கம் போனான். அங்கிருந்து அவன் குரல் மட்டும் வந்தது, யாருக்கோ துக்கச் செய்தி சொல்வதுபோல.

"கோட்டத் தொடுது."

அவள் இன்னொரு கல்லை எடுத்தாள். அவன் நேரம் எடுத்துக்கொண்டான். பொய் சொல்லலாமா என்று யோசித்திருப்பான், அவனை அவளுக்குத் தெரியும்.

"கீழ போயிருச்சு," என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "கோட்டுக்குக் கீழ போயிருச்சு," என்றான்.

அவள் கையைக் கழுவினாள். இடுப்பில் கட்டியிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். கம்பியும் ஈய முத்திரைகளும் பூட்டுகளும் இருந்தன. வேலை நாளைக்கு இருக்குமா என்று தெரியவில்லை. இன்றைக்கு இருந்தது.

"நாளைக்கே மறுபடியும் கட்டுவேன்," என்றார் நாத்தனார், திரும்பாமலே.

"கட்டுங்க அண்ணி. நான் மறுபடியும் வந்து பிரிப்பேன். இனிமே பாலத்துக்கு ரெண்டு பக்கமும் எட்டிப் பாப்பேன். இப்ப பூட்டப் போறேன். மொதல்ல நம்ம மோட்டார். அதுக்கடுத்தது கம்பெனி."

"கேட்டத் தெறக்க மாட்டான்."

"தெறக்கலன்னா கேட்டயும் சேத்துப் பூட்டறேன்."

நாத்தனார் கல்லைவிட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் அவரைச் சுற்றி ஓடியது. ஓரங்களில் வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. ஆழம் மிச்சமிருந்தது நடுவில்தான், அவர் காலைத் தொங்கப்போட்டிருந்த இடத்தில். கூட்டமாக வந்த மீன்கள் பாறாங்கல்லைச் சுற்றிக்கொண்டு அங்கேதான் இறங்கப் பார்த்தன. பெரிய கெண்டை ஒன்று, முதுகு பாதி வெளியே தெரிய, அவருடைய கணுக்காலில் வந்து முட்டியது. விலகிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் அதே இடத்தில் முட்டியது.

நாத்தனார் குனிந்து பார்க்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, கரையில் நின்றவர்களை ஒரு சுற்று முறைத்தார். பிறகு, கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீருக்கு மேலே தூக்கினார். தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கால்களின் நிழலுக்கு அடியில் கெண்டை வாலை அடித்துக்கொண்டு கீழே போனது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று.